மறுகைக்குச் சென்ற செய்தி

நுழையும்முன்

ஒரு பொருளுக்குப் பெயரிட்டவுடன் அதனை அறிந்துவிட்டதாக மனம் நிறைவடைந்துவிடுகிறது. அறிவியலோ பெயரைக் கடந்து பொருளின் இயல்பைத் தேடுகிறது. வைட்டமின் என்று பெயரிடப்பெற்று, உணவுச்சத்தாகவே கருதப்பட்டுவந்த ஒரு பொருள், உண்மையில் உடல் தானே ஆக்கிக்கொள்ளும் ஹார்மோனுக்கு மூலப்பொருள் என்பதை ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டு உழைத்துக் கண்டறிந்தனர். அத்தேடலின் வழியையும், அதனால் நோயுற்றோர் பெற்ற பயனையும் இப்பாடம் விளக்குகிறது.

இரு கைகளின் புதிர்

முதல் உலகப்போர் முடிந்திருந்த காலம். பெர்லின் நகரத்துக் குழந்தைகள் பலர் பசியால் நலிந்திருந்தனர். அவர்களை வாட்டிய நோய்களுள் ஒன்று ரிக்கெட்ஸ். இந்நோய் கண்ட குழந்தையின் எலும்புகளில் கால்சியம் படிவதில்லை. மென்மையான எலும்புகள் உடலின் எடையைத் தாங்கமாட்டாமல் வளைகின்றன. நடக்கத் தொடங்கும் பருவத்தில் கால்கள் வில்லைப்போல் வளைந்துபோகும், மார்புக்கூடு உருக்குலையும்.

குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் குழந்தை மருத்துவர், இந்நோயால் வருந்திய நான்கு குழந்தைகளின் உடலில் பாதரச ஆவி விளக்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்களைப் படச்செய்தார். சில வாரங்களில் எலும்புகள் தேறின. கால்சியம் மீண்டும் படிந்துவருவதை எக்ஸ் கதிர்ப் படங்கள் காட்டின. இம்முடிவை அவர் 1919ஆம் ஆண்டு வெளியிட்டார். அவர் கண்ட மற்றோர் உண்மை இதனினும் வியப்பானது. குழந்தையின் ஒரு கையில் மட்டும் ஒளியைப் பாய்ச்சினாலும், ஒளியே படாத மறுகையின் எலும்பும் குணமடைந்தது.

ஒளி தோலைக் கடந்து எலும்புவரை செல்வதில்லை. ஒரு கையில் விழுந்த ஒளி மறுகைக்குத் தாவுவதுமில்லை. அவ்வாறாயின் மறுகைக்குச் சென்றது எது? ஒளிபட்ட தோலில் ஏதோ ஒன்று தோன்றி, இரத்தத்தில் கலந்து, உடலெங்கும் பரவியிருத்தல் வேண்டும். அது யாது, எங்கெங்குச் செல்கிறது, எலும்புக்கு என்ன செய்கிறது என்னும் வினாக்களுக்கு முழுமையான விடை கிடைக்க மேலும் அரை நூற்றாண்டுக் காலம் கடந்தது.

எண்ணெயும் ஒளியும்

அதே ஆண்டுகளில் இலண்டனில் எட்வர்டு மெல்லன்பி நாய்க்குட்டிகளை வீட்டினுள்ளேயே வைத்து வளர்த்து, குறையுள்ள உணவை அளித்தார். அவற்றுக்கு ரிக்கெட்ஸ் தோன்றியது. காட் மீனின் ஈரலிலிருந்து எடுக்கப்படும் எண்ணெயைக் கொடுத்ததும் நோய் நீங்கியது. அமெரிக்காவில் எல்மர் மெக்காலம் 1922ஆம் ஆண்டு அவ்வெண்ணெயைச் சூடாக்கி, அதனுள் காற்றைச் செலுத்தி, வைட்டமின் ஏ-யை அழித்தார். அதன் பின்னும் அவ்வெண்ணெய் ரிக்கெட்ஸைக் குணப்படுத்தியது. எனவே அதனுள் வேறொரு பொருள் இருப்பது உறுதியாயிற்று. ஏ, பி, சி என்னும் வரிசையில் அதற்கு வைட்டமின் டி என்று பெயர் சூட்டப்பட்டது.

ஒரே நோயை எண்ணெயும் தீர்க்கிறது, ஒளியும் தீர்க்கிறது. தொடர்பற்றவையாகத் தோன்றிய இவ்விரண்டையும் இணைத்தவர்களுள் ஒருவர், விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரி ஸ்டீன்பாக். விலங்குகளின்மேல் மட்டுமன்றி, அவை உண்ணும் உணவின்மேல் புற ஊதாக் கதிர்களைப் பாய்ச்சினாலும் அவ்வுணவு நோயைத் தடுக்கும் ஆற்றல் பெறுவதை அவர் 1924ஆம் ஆண்டு அறிவித்தார். அக்கண்டுபிடிப்பின் காப்புரிமையால் வரும் வருவாய் மீண்டும் ஆராய்ச்சிக்கே பயன்பட வேண்டும் என விரும்பினார். அதற்கென 1925ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தில் ஓர் அறக்கட்டளை தோன்றியது. ஒளியூட்டிய உணவும் வைட்டமின் டி சேர்த்த பாலும் மக்களைச் சென்றடைந்தபின், அமெரிக்காவில் ரிக்கெட்ஸ் பெருமளவு குறைந்தது.

ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் விண்டாஸ், இத்தகைய வைட்டமின்களோடு தொடர்புடைய ஸ்டீரால்கள் என்னும் சேர்மங்களை ஆராய்ந்து 1928ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். தோலிலுள்ள, கொலஸ்டிராலை ஒத்த ஒரு பொருளே புற ஊதாக் கதிர் பட்டு வைட்டமின் டி-ஆக மாறுகிறது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. நோய்க்கு மருந்து கிடைத்தது. பொருளின் அமைப்பும் தெரிந்தது. இனி அறிய வேண்டியது எதுவுமில்லை என்றே பலரும் கருதினர்.

| தெரிந்து தெளிவோம்
| உடலால் போதிய அளவு ஆக்கிக்கொள்ள இயலாமல், உணவின்வழிச் சிறிதளவு பெறவேண்டிய சத்து வைட்டமின் ஆகும். இச்சொல்லின் முதல் வடிவத்தை 1912ஆம் ஆண்டு உருவாக்கியவர் போலந்து நாட்டில் பிறந்த காசிமிர் ஃபங்க். உடலின் ஓரிடத்தில் உருவாகி, இரத்தத்தின்வழிச் சென்று, வேறோர் இடத்திலுள்ள செல்களை இயக்கும் வேதிச்செய்தி ஹார்மோன் ஆகும். இச்சொல்லை 1905ஆம் ஆண்டு வழக்கிற்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேய உடலியலறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங்.

காலத் தாழ்வில் பிறந்த வினா

ஸ்டீன்பாக்கிடம் இறுதியாக ஆய்வுப்பட்டம் பெற்ற மாணவர் ஹெக்டர் டிலூக்கா. 1930ஆம் ஆண்டு கொலராடோ மாநிலத்தின் பியூப்லோ நகரில் பிறந்த இவர், ஆசிரியரின் பல்கலைக்கழகத்திலேயே பணியேற்று வைட்டமின் டி ஆய்வைத் தொடர்ந்தார். ஆசிரியர், இப்பொருள் உணவில் எவ்வாறு உண்டாகிறது என்று கேட்டார். மாணவரோ, உடலுக்குள் சென்றபின் இது என்ன செய்கிறது என்று கேட்டார்.

இவ்வினாவுக்குக் காரணமாக அமைந்தது ஒரு காலத் தாழ்வு. வைட்டமின் டி குறைந்த விலங்குக்கு அதனை நேரே இரத்தத்தில் செலுத்தினாலும், குடல் கால்சியத்தை உறிஞ்சும் திறன் உடனே உயர்வதில்லை. பல மணி நேரம் கழித்தே உயர்கிறது. வைட்டமின் டி தானே செயல்படுவதாயின், இத்தாழ்வு எதற்கு? உடல் அதனை வேறொன்றாக மாற்றுவதற்கு இந்த நேரம் செலவாகிறதோ?

இதனை ஆராய்வது எளிதன்று. வைட்டமின் டி மிகச் சிறிய அளவிலேயே செயல்படுவது. ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோகிராம் ஆகும். மனிதருக்கு நாள்தோறும் வேண்டுவது சில மைக்ரோகிராம்களே. அவ்வளவு சிறிய பொருள் உடலுக்குள் செல்லும் வழியைப் பின்தொடர அடையாளம் ஒன்று தேவை. டிலூக்காவின் ஆய்வுக்குழுவினர் கதிரியக்க ஹைட்ரஜன் அணுக்கள் பொருந்திய வைட்டமின் டி-யைத் தாமே தயாரித்தனர். விலங்கின் உடலில் அக்கதிரியக்கம் எங்கே செல்கிறது, எவ்வடிவில் இருக்கிறது என்பதைக் கருவிகளால் அளந்தனர். செலுத்திய பொருளிலிருந்து வேறுபட்ட புதிய பொருள்கள் இரத்தத்தில் தோன்றியிருந்தன. அவற்றுள் சில, வைட்டமினைவிட விரைவாகச் செயல்பட்டன.

கல்லீரலில் ஒரு படி, சிறுநீரகத்தில் ஒரு படி

புதிய பொருளைக் கண்டால் மட்டும் போதாது. அதனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து, அமைப்பை நிறுவுதல் வேண்டும். வைட்டமின் டி மிகுதியாக அளிக்கப்பட்ட பன்றிகளின் இரத்த நீரிலிருந்து முதற்பொருளைக் குழுவினர் பிரித்தனர். வைட்டமின் மூலக்கூற்றின் இருபத்தைந்தாம் கார்பன் அணுவில், ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சில் தொகுதி புதிதாகச் சேர்ந்திருந்தது. 1968ஆம் ஆண்டு வெளியான இம்முடிவைத் தொடர்ந்து, அம்மாற்றம் கல்லீரலில் நிகழ்வதும் தெரியவந்தது. இன்று மருத்துவர்கள் ஒருவரின் வைட்டமின் டி அளவை அறிய இரத்தத்தில் அளப்பது இப்பொருளைத்தான்.

ஆயினும் தேடல் முடியவில்லை. குடல் செல்களில் இதனினும் மாறுபட்ட மற்றொரு பொருள் சேர்வதை ஆய்வாளர்கள் கண்டனர். அமெரிக்காவில் டிலூக்காவின் குழுவும், கலிபோர்னியாவில் அந்தோணி நார்மனின் குழுவும், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஈகான் கோடிசெக்கின் குழுவும் ஒரே காலத்தில் அதனைத் தேடின. வைட்டமின் டி மாற்றமின்றித் தானே செயல்படுகிறது என முன்னர்க் கருதியவர் கோடிசெக். புதிய சான்றுகள் வேறு வழியைக் காட்டியபோது அவர் பழைய முடிவைப் பற்றிக்கொண்டிருக்கவில்லை. அவரும் டேவிட் ஃப்ரேசரும் 1970ஆம் ஆண்டு, இறுதிப்பொருள் உருவாகும் இடம் சிறுநீரகம் என்று நிறுவினர். சிறுநீரகம் நீக்கப்பட்ட விலங்கில் அப்பொருள் உண்டாகவேயில்லை. தம் கருத்துக்கு எதிரான உண்மையைத் தாமே கண்டறிந்து வெளியிடுவது அறிவியலாளரின் நேர்மைக்குச் சான்றாகும்.

விஸ்கான்சினில் டிலூக்காவும் அவருடைய மாணவர் மைக்கேல் ஹாலிக்கும் உடன் ஆய்வாளர்களும் ஏறத்தாழ 1,500 கோழிக்குஞ்சுகளின் குடல்களிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்தனர். நெடுநாள் உழைப்புக்குப்பின் எஞ்சியது சில மைக்ரோகிராம் மட்டுமே. அச்சிறு துகளைக்கொண்டே அதன் அமைப்பை 1971ஆம் ஆண்டு நிறுவினர். மூலக்கூற்றின் முதலாம் கார்பன் அணுவிலும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி சேர்ந்திருந்தது. அதே ஆண்டில் மற்ற இரு குழுவினரும் இப்பொருளின் அமைப்பை வெளியிட்டனர். கால்சிட்ரியால் என்று இன்று வழங்கப்படுவது இதுவே.

அளவறிந்து இயங்கும் ஒழுங்கு

சிறுநீரகம் கால்சிட்ரியாலை எப்போதும் ஒரே அளவில் ஆக்குவதில்லை. இரத்தத்தில் கால்சியம் சற்றுக் குறைந்தாலும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் அதனை உணர்ந்து தம் ஹார்மோனைச் சுரக்கின்றன. அந்த ஹார்மோன் சிறுநீரகத்தைத் தூண்டுகிறது. சிறுநீரகம் கால்சிட்ரியாலை ஆக்குகிறது. கால்சிட்ரியால் குடலை அடைந்து, உணவிலுள்ள கால்சியத்தை மிகுதியாக உறிஞ்சச் செய்கிறது. இரத்தத்தில் கால்சியம் நிறைந்ததும் பாராதைராய்டு சுரப்பிகள் அடங்குகின்றன. சிறுநீரகமும் ஆக்கத்தைக் குறைக்கிறது. அதுமட்டுமன்றி, தன்னையே சிதைக்கும் நொதியை உண்டாக்குமாறும் கால்சிட்ரியால் செல்களைத் தூண்டுகிறது. பணி முடிந்த செய்தி நீண்டநேரம் நின்று உடலைக் குழப்பாதிருக்க இவ்வேற்பாடு உதவுகிறது.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? கால்சியம் எலும்புக்கு மட்டும் உரியதன்று. நரம்பு செய்தி கடத்தவும், தசை சுருங்கவும், இதயம் துடிக்கவும் இரத்தத்தில் அது குறிப்பிட்ட அளவில் இருந்தாக வேண்டும். குறைந்தால் தசைகள் இழுத்துக்கொள்ளும். மிகுந்தால் சிறுநீரகம் பழுதுபடும்.

ஓர் உறுப்பில் உருவாகி, இரத்தத்தில் பயணம் செய்து, தொலைவிலுள்ள மற்றோர் உறுப்பை இயக்கி, தேவைக்கேற்பக் கூடியும் குறைந்தும் வருவதை ஹார்மோன் என்றே அழைத்தல் வேண்டும். வைட்டமின் என்று பெயர்பெற்ற பொருள், ஹார்மோனின் முன்வடிவமாக வெளிப்பட்டது.

பூட்டும் திறவுகோலும்

இரத்தம் உடலெங்கும் பாய்கிறது. அதில் கலந்த ஹார்மோனும் எல்லாச் செல்களையும் கடந்து செல்கிறது. அவற்றுள் குறிப்பிட்ட சில செல்கள் மட்டும் அச்செய்தியை ஏற்றுச் செயல்படுவது எவ்வாறு?

இதற்கான முதற்குறிப்பு 1965ஆம் ஆண்டு கிடைத்தது. மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதைத் தடுக்கும் மருந்தை விலங்குகளுக்குக் கொடுத்தால், வைட்டமின் டி-யின் செயலும் நின்றுபோவதை டிலூக்காவின் குழுவினரும் நார்மனும் தனித்தனியே கண்டனர். எனவே அதன் செயல் மரபணுக்களின் வழியே நிகழ்வதாதல் வேண்டும். நார்மனின் ஆய்வகத்தில் பணியாற்றிய மார்க் ஹாஸ்லர், கோழிக்குஞ்சின் குடல் செல்களைப் பிரித்து ஆராய்ந்தார். கதிரியக்க அடையாளம் பெற்ற பொருள், செல்லின் உட்கருவில் மரபுப்பொருளோடு சேர்ந்திருந்தது. அங்கே அதனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி ஒன்று இருப்பதை இருவரும் 1969ஆம் ஆண்டு அறிவித்தனர்.

கால்சிட்ரியால் திறவுகோல் எனின், ஏற்பி என்னும் புரதமே பூட்டு. கொழுப்பில் கரையும் தன்மையுடைய இந்த ஹார்மோன் செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே நுழைகிறது, ஏற்பியோடு பொருந்துகிறது. பொருந்தியவுடன் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. அது வேறொரு துணைப் புரதத்தோடு இணைந்து, டி.என்.ஏ. இழையில் தனக்குரிய இடத்தைத் தேடிப் பற்றிக்கொள்கிறது. உடனே அருகிலுள்ள மரபணுக்களுள் சில இயங்கத் தொடங்குகின்றன; சில அடங்குகின்றன. குடல் செல்லில் இயங்கத் தொடங்கும் மரபணுக்கள், கால்சியம் நுழைவதற்கான வாயிலையும், அதனைச் சுமந்து செல்லும் கால்பின்டின் முதலிய புரதங்களையும் உருவாக்குகின்றன. இவையெல்லாம் புதிதாக ஆக்கப்பட வேண்டியிருப்பதாலும், அதற்குமுன் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றங்கள் நிகழ வேண்டியிருப்பதாலுமே அக்காலத் தாழ்வு ஏற்பட்டது. டிலூக்காவைச் சிந்திக்கவைத்த புதிர் இவ்வாறு விடுபட்டது.

பூட்டின் இன்றியமையாமையை ஓர் அரிய நோய் உணர்த்துகிறது. சில குழந்தைகள் போதிய வைட்டமின் டி கிடைத்தும் கடுமையான ரிக்கெட்ஸால் துன்புற்றனர். அவர்களின் இரத்தத்தில் கால்சிட்ரியால் குறையவில்லை, மாறாக, மிகுந்திருந்தது. ஏற்பியின் மரபணு 1980களின் இறுதியில் படியெடுக்கப்பட்டது. அதன்பின், இத்தகைய குழந்தைகளின் ஏற்பி மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறியிருப்பதை 1988ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் கண்டனர். திறவுகோல் ஏராளமாக இருந்தும் பூட்டு பழுதாகியிருந்தது. செய்தி வந்துகொண்டேயிருந்தது; கேட்கும் செவி இல்லை. அதனால் எலும்பு வளைந்தது.

நோயாளியை அடைந்த அறிவு

இவ்வாய்வுகளுக்கு முன்னர் மருத்துவர்களை வருத்திய மற்றொரு நிலையும் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தோர்க்கு எலும்புகள் நலிந்து வலியும் முறிவும் ஏற்பட்டன. வைட்டமின் டி-யை வழக்கமான அளவில் கொடுத்தும் பயனில்லை. அதன் காரணம் இப்போது விளங்கியது. வைட்டமினை ஹார்மோனாக மாற்றும் இறுதிப்படி நிகழ வேண்டிய உறுப்பே அவர்களிடம் பழுதுபட்டிருந்தது. டிலூக்காவின் குழுவினர் 1972ஆம் ஆண்டு கால்சிட்ரியாலை ஆய்வகத்தில் செயற்கையாக ஆக்கினர். 1978ஆம் ஆண்டு அமெரிக்காவில் அது மருந்தாக ஒப்புதல் பெற்றது. கோழிக்குஞ்சின் குடலில் சில மைக்ரோகிராம் அளவில் கிடைத்த பொருள், சிறுநீரக நோயாளிகளின் எலும்பைக் காக்கும் மருந்தாயிற்று.

எல்லையும் எச்சரிக்கையும்

டிலூக்காவும் வால்டர் ஸ்டம்ப்பும் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, குடலிலும் எலும்பிலும் மட்டுமன்றித் தோல், பிட்யூட்டரி, பாராதைராய்டு ஆகியவற்றின் செல்களும் இந்த ஹார்மோனை ஏற்பதைக் காட்டியது. 1981ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள், எலியின் இரத்தப் புற்றுநோய்ச் செல்கள் ஆய்வகத்தில் கால்சிட்ரியாலின் செயலால் முதிர்ந்த செல்களின் இயல்பைப் பெறுவதைக் கண்டனர். இவற்றால் பெரும் நம்பிக்கைகள் எழுந்தன.

ஆயினும் ஆய்வகத் தட்டில் நிகழ்வதெல்லாம் மனித உடலில் அவ்வாறே நிகழும் எனக் கொள்ளுதல் தவறு. அமெரிக்காவில் 25,871 பேர் பங்கேற்ற ஆய்வில், நாள்தோறும் வைட்டமின் டி உட்கொண்டோருக்கும் போலி மாத்திரை உட்கொண்டோருக்கும் இடையே, புற்றுநோயோ பெரும் இதயநோய்களோ தோன்றுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இம்முடிவு 2019ஆம் ஆண்டு மருத்துவ இதழில் வெளியாயிற்று. குறையுள்ளவர்க்கு மருந்தாவது, குறையில்லாதவர்க்கும் நன்மை தரும் என்று சொல்ல இயலாது. அளவுக்கு மிஞ்சிய வைட்டமின் டி இரத்தத்தில் கால்சியத்தை மிகுவித்துத் தீங்கு விளைவிக்கும். மருத்துவரின் அறிவுரையின்றி இதனை மிகுதியாக உட்கொள்ளலாகாது.

பெர்லின் குழந்தையின் மறுகைக்குச் சென்றது எது என்பதற்கு இப்போது விடை கூறலாம். ஒரு கையின் தோலில் ஒளி பட்டது. அங்கே வைட்டமின் டி உருவானது. அது இரத்தத்தில் கலந்து கல்லீரலை அடைந்தது. அங்கிருந்து சிறுநீரகத்தை அடைந்து ஹார்மோனாயிற்று. ஹார்மோன் குடல் செல்லின் உட்கருவில் தன் ஏற்பியைக் கண்டது. மரபணுக்கள் விழித்தன, கால்சியம் இரத்தத்தில் சேர்ந்தது. அந்த இரத்தம் இரு கைகளுக்கும் பொதுவானது. ஒளி படாத கையும் அதனாலேயே உரம் பெற்றது.

இவ்விடையை ஒருவர் தனித்துக் கண்டறியவில்லை. மருத்துவர் கண்ட வியப்பும், ஆசிரியர் தொடங்கி மாணவர் தொடர்ந்த ஆய்வும், தம் பிழையைத் தாமே திருத்திக்கொண்ட அறிஞரின் நேர்மையும் சேர்ந்து அதனை உருவாக்கின. பொருளின் பெயர் இன்றும் வைட்டமின் டி என்றே வழங்குகிறது. அப்பெயரோடு மனநிறைவு கொள்ளாமல் மேலும் வினவியவர்களாலேயே, பயனின்றிக் கிடந்த நோயாளியின் எலும்புக்கு மருந்து கிடைத்தது.

கற்பவை கற்றபின்

1. ஒளி தோலில் படுவதுமுதல் எலும்பில் கால்சியம் படிவதுவரை நிகழும் மாற்றங்களை வரிசைப்படுத்தி விளக்கப்படம் வரைக.

2. 'சிறுநீரகம் பழுதுபட்டவர்க்கும், ஏற்பி பழுதுபட்டவர்க்கும் எலும்பு நலிவதற்கான காரணம் ஒன்றே' - இக்கூற்று சரியா? பாடத்தின் துணைகொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.

3. தம் முந்தைய கருத்தை மாற்றிக்கொண்டு உண்மையை ஏற்ற அறிவியலாளர் ஒருவரைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.